பேச்சுக்கு முந்தைய பேச்சு

1993 நவம்பர் 1. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜான் மேஜரிடம் வட அயர்லாந்துப் பிரச்சினை பற்றிக் கேட்டார்கள். வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வோடும் அதன் அரசியல் அணியின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸோடும் உட்கார்ந்து பேசுவதா, அதை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றார் அவர். மாதம் முடிவதற்குள் குட்டு உடைந்தது. மேஜரின் அரசாங்கத்துக்கும் ஐ.ஆர்.ஏ. தரப்புக்கும் இடையே ரகசியமாகச் செய்திகள் போய் வந்துகொண்டிருந்ததை நவம்பர் 28 அன்று ‘அப்சர்வர்’ பத்திரிகை வெளியிட்டது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து வியாபாரி ஒருவர் 1970களிலிருந்தே அந்தத் தூது வேலையைப் பார்த்துவந்தார். அவர் பெயர் பிரெண்டன் டடி என்பது ஊர் உலகத்துக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

இதைக் கேட்டால், “அப்படியானால் நாடாளுமன்றத்தில் நின்று பொய் சொல்லியிருக்கிறாரே” என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு மற்ற நாடுகளின் கதைகளைப் படிக்கப் படிக்க, இந்த மாதிரி ஒரு பொய்யோ மழுப்பலோ இல்லாமல் தொடங்கிய சமரசத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்று தெரிந்தது.

தடை செய்யப்பட்ட ஒரு கட்சியோ ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கமோ, ஒரு நாள் அரசாங்கத்துக்கு எதிரே மேசையில் உட்கார்ந்து அடுத்த ஆட்சி எப்படி அமைய வேண்டும் என்று பேசுகிறது. தேர்தல் வருகிறது, ஆட்சி கை மாறுகிறது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கைகுலுக்கும் காட்சியை மட்டும்தான். அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே சில பேர், காதும் காதும் வைத்தாற்போல், எங்கேயோ சந்தித்திருப்பார்கள். அந்தக் கட்டத்தில் பெரிதாக எந்தப் பேரமும் நடக்காது. ‘இவர்களோடு பேச முடியுமா, பேசினால் எதைப் பற்றி, யார் பேசுவது’ என்பதுதான் அங்கே விஷயம். நூல் விட்டுப் பார்ப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான்.

முதலில் கூப்பிடுவது யார்?

சரி, பேச விருப்பம் இருந்தால் வெளிப்படையாகக் கூப்பிட்டால் என்ன?

‘பயங்கரவாதிகளோடு பேச்சே கிடையாது’ என்று ஓர் அரசாங்கம் முப்பது வருடமாகச் சொல்லிவந்திருக்கும். ஓட்டுப் போட்டவர்கள் அதை நம்பியிருப்பார்கள். இராணுவத்திலும் போலீசிலும் ஆட்கள் செத்திருப்பார்கள். மறுபக்கத்தில் சிறைக்குப் போனவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், ‘கடைசிவரை போராட்டம்’ என்று சத்தியம் செய்தவர்கள். இந்த நிலையில் யார் முதலில் வாயைத் திறந்தாலும், சக்தி போய்விட்டது, இறங்கி வருகிறார்கள் என்றுதான் அர்த்தம் வரும். இறங்கி வந்து கேட்டபின் எதிர்த்தரப்பு முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டால், கேட்டவரின் கதி அவ்வளவுதான். அவருடைய கட்சிக்குள்ளேயே அவரைக் கவிழ்க்க ஆள் காத்திருக்கும்.

அதனால் கேட்டதற்குத் தடயமே இல்லாமல் கேட்க ஒரு வழி தேவைப்படுகிறது. நாளைக்கு விஷயம் கசிந்தால் “நாங்கள் அனுப்பவில்லை, அவர் தானாகப் போனார்” என்று கைகழுவ முடிய வேண்டும். தூதுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பேராசிரியராகவோ வியாபாரியாகவோ பாதிரியாராகவோ இருப்பதன் காரணம் இதுதான். அவர்கள் யாருக்கும் பிரதிநிதி இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது போய்ச் சேரவேண்டிய காதுக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. எதிராளியைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் உளவுத்துறைக் கோப்பில் இருப்பது மட்டும்தான். வருடக்கணக்கில் சேர்த்த அந்தக் கோப்பில் அவர் எப்போது எங்கே போனார், யாரைச் சந்தித்தார் என்று இருக்கும். அவர் ஒரு வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாரா, அவர் சொன்னால் அவருடைய ஆட்கள் கேட்பார்களா என்பது இருக்காது. அதை எதிரே உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஒரு கைதியின் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் இது நடந்த விதம் ரொம்ப விவரமாகக் கிடைக்கிறது. சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பிலும் பலர் பின்னாளில் மனம் திறந்து எழுதிவிட்டார்கள்.

1985 ஜனவரியில் அங்கே நடந்த வெள்ளையர் ஆட்சியின் ஜனாதிபதி பி.டபிள்யூ. போத்தா நாடாளுமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான நெல்சன் மண்டேலாவை விடுவிக்கத் தயார் என்றார். மண்டேலா அப்போது ஆயுள் கைதி, உள்ளே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிப்ரவரி 10 அன்று சொவேட்டோவில் ஒரு விளையாட்டரங்கில் அவருடைய மகள் ஜின்ட்ஸி பதிலைப் படித்தார். சுதந்திர மனிதன்தான் பேச்சு நடத்த முடியும், கைதி ஒப்பந்தம் போட முடியாது என்பது அதன் சாரம். நாட்டின் பார்வையில் கதவு இரண்டு பக்கமும் சாத்தியாயிற்று.

அதே வருடம் நவம்பரில் மண்டேலாவுக்கு கேப் டவுன் மருத்துவமனையில் புராஸ்டேட் அறுவை சிகிச்சை. அங்கே அவரைப் பார்க்க நீதித்துறை அமைச்சர் கோபி கூட்சீ வந்தார். அரசியல் எதுவும் பேசவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, குடும்பம் எப்படி இருக்கிறது என்ற அளவில்தான் பேச்சு. இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஓர் அமைச்சர் கைதியிடம் நலம் விசாரிக்க வருவாரா என்று மண்டேலா யோசித்தார்.

குணமாகி போல்ஸ்மூர் சிறைக்குத் திரும்பியபோது அவரைப் பழைய இடத்துக்கு அனுப்பவில்லை. வால்டர் சிசுலு, அகமது கத்ராடா முதலிய தோழர்கள் மேல் மாடியில் இருந்தார்கள். இவரைத் தரைத்தளத்தில் தனியாக வைத்தார்கள். தோழர்கள் கொதித்தார்கள், எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்றார்கள். மண்டேலா வேண்டாம் என்றுவிட்டார். அவர் மனதில் வேறு கணக்கு ஓடியது.

அந்தக் கணக்கை அவரே பின்னாளில் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தனியாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பேச்சைத் தொடங்கினால் யாருக்கும் தெரியாது. தோழர்களிடம் முன்கூட்டிக் கேட்டால் வேண்டாம் என்பார்கள், வேண்டாம் என்றபின் மீறவும் முடியாது. அதனால் கேட்கவே இல்லை. எல்லாம் கெட்டுப்போனாலும் இயக்கம் தப்பித்துக்கொள்ளலாம்: கிழவர் தனியாக அடைபட்டுக் கிடந்தார், வெளியே நடப்பது தெரியாமல் அவர் பாட்டுக்கு ஏதோ செய்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். தன்னையே கைகழுவுவதற்கு இயக்கத்துக்கு ஒரு வழியை அவரே செய்துகொடுக்கிறார். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த இடம் இதுதான்.

இடையில் ஒரு முயற்சி வெளிப்படையாகவே நடந்து, வெளிப்படையாகவே செத்தது. காமன்வெல்த் நாடுகள் அனுப்பிய பிரமுகர் குழு 1986இல் இரு தரப்பையும் சந்தித்தது, மண்டேலாவையும் சிறையில் பார்த்தது. குழு கேப் டவுனில் இருக்கும்போதே, மே 19 அன்று, தென்னாப்பிரிக்கப் படைகள் போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் இருப்பதாகச் சொல்லப்பட்ட இடங்களைத் தாக்கின. குழு மூட்டையைக் கட்டியது. ஊரறிய நடக்கும் பேச்சை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு குண்டுவீச்சு போதும். அந்தரங்கத்தில் நடப்பதைக் குறிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதே வருடக் கடைசியில் நடந்த ஒன்று. மண்டேலாவை வெளியுலகத்துக்குப் பழக்குகிறோம் என்று சிறை அதிகாரிகள் அவ்வப்போது காரில் அழைத்துப்போய் ஊரைச் சுற்றிக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் கூட வந்த அதிகாரி காரை ஒரு கடை முன் நிறுத்தினார். குளிர்பானம் வாங்கி வருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். கைதி தனியாக உட்கார்ந்திருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் கழித்து முதல் தடவையாகக் காவல் இல்லாமல் வெளியே இருந்த அந்த நிமிடங்களில், கதவைத் திறந்து ஓடிவிடலாமா என்ற எண்ணம் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வியர்த்துக்கொட்டியதாம். ஓடவில்லை. அதிகாரி இரண்டு குளிர்பானத்தோடு திரும்பி வந்தார். இது சோதனையா, வெறும் அசட்டையா என்று யார் கண்டது? ஆனால் இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களில்தான் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் எடைபோட்டுப் பார்த்தன.

1988 மே மாதம் விஷயம் ஒழுங்குக்கு வந்தது. கூட்சீயோடு சிறைத்துறை உயர் அதிகாரிகளும் தேசிய உளவுத்துறைத் தலைவர் நீல் பர்னார்டும் சேர்ந்த ஒரு சிறு குழு மண்டேலாவோடு பேசத் தொடங்கியது. பர்னார்டுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை, அரசியல் விஞ்ஞானம் கற்பித்த பேராசிரியர். இந்தத் தடவை மண்டேலா தோழர்களிடம் சொல்லிவிட்டார். மேல் மாடியில் இருந்த நால்வரையும் சேர்த்துப் பார்க்க அதிகாரிகள் விடவில்லை, ஒவ்வொருவராகத்தான் பார்க்க முடிந்தது. ஒருவர், இத்தனை நாள் ஏன் காத்திருந்தாய் என்றார். சிசுலுவுக்குக் கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை, ஆனால் முதலில் கூப்பிட்டது அவர்களாக இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டார். கத்ராடா ஒரேயடியாக எதிர்த்தார். வெளிநாட்டிலிருந்து இயக்கத்தை நடத்திய ஆலிவர் தாம்போவும், நீ அவர்களோடு என்னதான் பேசுகிறாய் என்று கேட்டு ரகசியமாகச் சீட்டு அனுப்பினார். இயக்கத்தின் தலைமையும் அரசாங்கமும் சந்திக்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் பேசுகிறேன் என்று சுருக்கமாகப் பதில் போனது.

பெரிய பேரம் பேச தனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் தெரிந்தே வரம்பு கட்டிக்கொண்டார் என்பதை இந்தப் பதிலில் பார்க்கலாம். குழுவின் கேள்விகள் சுற்றிச்சுற்றி அதே மூன்று இடத்துக்கு வந்தன. ஆயுதப் போராட்டத்தை ஏன் விடமாட்டீர்கள், கம்யூனிஸ்ட் கட்சியோடு உறவை ஏன் அறுக்கமாட்டீர்கள், பெரும்பான்மை ஆட்சி வந்தால் வெள்ளையர் கதி என்ன? மூன்றிலும் மண்டேலா இறங்கி வரவில்லை. எதிராளி கேட்டான் என்பதற்காகக் காலமெல்லாம் கூட இருந்த நண்பனைக் கைவிடுபவனைத் தன் மக்களே நம்பமாட்டார்கள் என்று போத்தாவுக்கு எழுதிய குறிப்பில் சொன்னார். ஆனால் அதே குறிப்பில் இன்னொன்றும் எழுதினார். ஒன்றுபட்ட நாட்டில் பெரும்பான்மை ஆட்சி வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை, அந்த ஆட்சி சிறுபான்மை வெள்ளையரை நசுக்கிவிடக்கூடாது என்பது உங்கள் பயம், இந்த இரண்டையும்தான் இணக்கப்படுத்த வேண்டும் என்றார். பல கூட்டங்களின் பலன் என்று பார்த்தால், யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எதைப் பேச வேண்டும் என்பது மட்டும் இரண்டு வரியில் கிடைத்துவிட்டது.

1989 ஜூலை 5 அன்று மண்டேலாவைப் போத்தாவின் அலுவலகத்துக்கு யார் கண்ணிலும் படாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். புதிதாகத் தைத்த கோட்டு சூட்டு. உள்ளே நுழையும் நேரத்தில் பர்னார்டு கீழே பார்த்தார், மண்டேலாவின் ஷூ லேஸ் சரியாகக் கட்டியிருக்கவில்லை. நாட்டின் உளவுத்துறைத் தலைவர் மண்டியிட்டுக் கைதிக்கு லேஸ் கட்டிவிட்டார். போத்தா எழுந்து வந்து கை நீட்டினார், தேநீர் ஊற்றிக்கொடுத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முடிவு என்று எதுவும் இல்லை, அரசியல் கைதிகள் எல்லோரையும் விடுங்கள் என்று மண்டேலா கேட்டதற்குப் போத்தா சம்மதிக்கவில்லை. ஆனாலும் ஆட்சியில் இருந்தவர்களில் பிடிவாதக்காரர் என்று பேரெடுத்தவரே அந்தக் கைதியோடு தேநீர் குடித்துவிட்டார். இனி வருபவர் பேச்சைத் தொடங்கினால், ‘நீ காட்டிக்கொடுத்துவிட்டாய்’ என்று அவரைச் சொல்வது கஷ்டம்.

இன்னொரு வழியும் திறந்திருந்தது

சிறைக்குள் நடந்ததோடு கதை நிற்கவில்லை. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெல்ஸ் பார்க் என்றொரு பெரிய வீடு. கன்சாலிடேட்டட் கோல்டு ஃபீல்ட்ஸ் என்ற சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. அந்த நிறுவனத்தின் செலவில், 1987 முதல் 1990 வரை நடந்த சந்திப்புகளில் பல இங்கேதான் நடந்தன. ஒரு பக்கம் தாபோ எம்பெக்கி முதலிய இயக்கத்துக்காரர்கள், மறுபக்கம் தென்னாப்பிரிக்க வெள்ளையர் சமூகத்தில் செல்வாக்குள்ள சிலர். அவர்களில் முக்கியமானவர் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் வில்லி எஸ்டர்ஹைஸ். இங்கே பேசுவதை அவர் ஊருக்குப் போய் பர்னார்டின் ஆட்களிடம் சொல்வார். இதை அவர் எம்பெக்கியிடம் மறைக்கவும் இல்லை. வேவு பார்க்கிறவன் என்று கோபப்பட எம்பெக்கிக்குக் காரணம் இருந்தது, ஆனால் அவர் படவில்லை. சொல்லும் வார்த்தை பிரிட்டோரியாவில் இருந்த அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதானே அவரும் வந்திருந்தார்!

1989 செப்டம்பரில் இடைத்தரகர் இல்லாமலே நேருக்கு நேர். சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரத்தில் ஒரு ஹோட்டல் அறை, உள்ளே உளவுத்துறையின் துணைத் தலைவர் மைக் லூவும் அவருடைய சக அதிகாரியும். எம்பெக்கியும் அவருடைய சகா ஜேக்கப் ஜூமாவும் உள்ளே வந்தார்கள். இதோ வந்துவிட்டோம், பயங்கரவாதிகள் என்று எம்பெக்கி கேலியாகச் சொல்ல, இறுக்கம் தளர்ந்தது.

இந்தப் பயணத்துக்கு அனுமதி வாங்கிய விதம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரியும். ஆகஸ்டில் பாதுகாப்புக் கவுன்சில் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைத்தார்கள். அந்த இயக்கத்தைப் பற்றி, அதன் தலைவர்கள் அணுகக்கூடியவர்களா என்பது பற்றி, மேலும் தகவல் திரட்ட வேண்டும் என்று சாதுவாக எழுதியிருந்தது. யாரும் இரண்டாம் தடவை படிக்கவில்லை, நிறைவேறியது. லூசர்னிலிருந்து திரும்பிய லூ, போத்தாவுக்குப் பிறகு புதிதாக ஜனாதிபதி பதவிக்கு வந்திருந்த டி கிளர்க்கிடம் விஷயத்தைச் சொன்னபோது, யாரைக் கேட்டுக்கொண்டு போனீர்கள் என்று அவர் சீறினார். தீர்மானத்தை எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார்! அதற்கு மேல் அவர் அதில் தொங்கவில்லை, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

1990 பிப்ரவரி 2 அன்று டி கிளர்க் நாடாளுமன்றத்தில் இயக்கத்தின் மீதான தடையை நீக்குவதாக அறிவித்தபோது உலகமே திகைத்தது. பிப்ரவரி 11 அன்று மண்டேலா வெளியே நடந்து வந்தார். மெல்ஸ் பார்க்கிலும் லூசர்னிலும் உட்கார்ந்தவர்களுக்கு அதில் அவ்வளவு திகைப்பு இருந்திருக்காது.

இதை ஏதோ நல்லெண்ணக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்டேலாவை வெளிநாட்டில் இருந்த தலைமையிடமிருந்து பிரித்துவிடலாம் என்ற நப்பாசையும் அரசாங்கத்தில் சிலருக்கு இருந்தது. இன்னொரு பக்கம், பேச்சு நடந்துகொண்டிருந்த அதே 1988இல் இயக்கம் ‘வூலா’ என்ற பெயரில் தலைவர்களை ரகசியமாக நாட்டுக்குள் அனுப்பி ஆயுத வலையமைப்பை வளர்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு கையில் தேநீர்க் கோப்பை, இன்னொரு கையில் கத்தி.

ஒரு வீடு, ஒரு மாலை

ஸ்பெயினில் இது மிகச் சுருக்கமாக முடிந்தது. சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தபின், 1977இல் பிரதமர் அடோல்ஃபோ சுவாரஸ் தேர்தலுக்கு நாட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி சட்டவிரோதமானது. அதை அனுமதித்தால் இராணுவம் பொங்கும், அனுமதிக்காவிட்டால் தேர்தலை யாரும் மதிக்கமாட்டார்கள். கட்சியின் தலைவர் சாந்தியாகோ கர்ரியோ விக் வைத்துக்கொண்டு ரகசியமாக நாட்டுக்குள் வந்து, பிடிபட்டு, விடுதலையும் ஆகியிருந்தார். பிப்ரவரி 27 அன்று, மாட்ரிட் அருகே ஒரு செய்தி நிறுவனத் தலைவரின் வீட்டில் இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள், இருவரும் சிகரெட்டை ஊதித் தள்ளினார்கள். கர்ரியோவின் கட்சி அரசரை ஏற்கும், மன்னராட்சியின் கொடியையும் ஏற்கும். சுவாரஸ் கட்சியை அனுமதிப்பார். ஏப்ரல் 9 அன்று, புனித வாரத்தில் பாதி நாடு விடுமுறையில் இருந்த சனிக்கிழமை பார்த்து, தடை நீங்கியது. கடற்படை அமைச்சர் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்தார். ஜூன் 15 அன்று தேர்தல் நடந்தது.

அங்கே அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம், பேசிய இருவரும் தங்கள் தரப்பைக் கட்டிப்போடக்கூடியவர்கள். அந்தப் பலம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மியன்மாரைப் பார்க்கலாம். 2000 அக்டோபரில் இராணுவ ஆட்சிக்கும் எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூகிக்கும் இடையே ரகசியப் பேச்சு தொடங்கியது. ஐ.நா. தூதர் ரசாலி இஸ்மாயில் அதற்கு வழி செய்தவர். 2002 மே மாதம் சூகி வீட்டுக்காவலிலிருந்து வெளியே வந்தார், எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தார்கள். ஆனால் நம்பிக்கையை வளர்ப்பது என்ற முதல் படியைத் தாண்டி அடுத்த ஆட்சி எப்படி இருக்கும் என்ற பேச்சு வரவே இல்லை. 2003 மே 30 அன்று டெபாயின் என்ற இடத்தில் சூகியின் வாகன அணியைக் கும்பல் தாக்கியது, அவர் மறுபடி காவலில். பேச்சில் ஆர்வம் காட்டியவராகக் கருதப்பட்ட உளவுத்துறைத் தலைவர் கின் நியுண்ட் 2004 அக்டோபரில் பதவியிழந்தார். கடைசி முடிவெடுப்பவர் இராணுவ ஆட்சியின் தலைவரான ஜெனரல் ‘தான் ஷ்வே’. எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு இதமாகப் பேசினாலும், அவருக்கு மேலே இருப்பவர் மனம் என்ன என்பதுதான் கேள்வி.

மக்தலென்காவில் எடுத்த வீடியோ

ரகசியத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதைப் போலந்து இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1988 ஆகஸ்டில் வேலைநிறுத்தங்கள் நாட்டை உலுக்கின. உள்துறை அமைச்சர் கிஷ்சாக், தடை செய்யப்பட்டிருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் தலைவர் லேக் வவென்சாவை ஆகஸ்ட் 31 அன்று சந்தித்தார். 1981இல் இராணுவச் சட்டம் வந்தபோது வவென்சாவையும் ஆயிரக்கணக்கானவர்களையும் பிடித்து உள்ளே போட்ட ஆட்சியில் போலீஸ் இவர் கையில்தான் இருந்தது. பிறகு வார்சா அருகே மக்தலென்கா என்ற கிராமத்தில், உள்துறைக்குச் சொந்தமான ஒரு மாளிகையில் சிறு கூட்டங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்களும் கூட இருந்தார்கள், சாட்சிபோல. ஊரறிந்த வட்டமேசை மாநாடு 1989 பிப்ரவரி 6 அன்று தொடங்கிய பிறகும், அங்கே முட்டிக்கொண்டு நின்ற சிக்கல்களை மக்தலென்காவில் வைத்துத்தான் அவிழ்த்தார்கள்.

முடிவில் கீழவையில் 35 சதவீத இடங்களுக்கும் மேலவை முழுவதற்கும் சுதந்திரமான போட்டி என்று ஒப்பந்தம் ஆனது. ஜூன் 4, ஜூன் 18 என்று இரண்டு சுற்றாக நடந்த தேர்தலில் கீழவையில் தனக்குத் திறந்துவிட்ட இடங்கள் அனைத்தையும் சாலிடாரிட்டி பிடித்தது, மேலவையில் 100க்கு 99. ஆளும் கட்சி போட்ட கணக்கு எதுவும் நிற்கவில்லை.

இவ்வளவு நல்லபடியாக முடிந்தும் ஒரு பேச்சு அடங்கவில்லை. மக்தலென்காவில் எடுத்த வீடியோக்களில் இரண்டு தரப்புத் தலைவர்களும் கோப்பையை உயர்த்திக் குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள். அது பின்னாளில் வெளியே வந்தது. அப்படியானால் உள்ளே வேறு என்ன பேசினார்கள், பழைய ஆட்சிக்காரர்களைத் தண்டிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்களா, சொத்தைப் பங்கு போட்டார்களா என்று போலந்து வலதுசாரிகள் இன்றுவரை கேட்கிறார்கள். அந்த மாதிரி ரகசிய ஒப்பந்தம் எதற்கும் ஆதாரம் வரவில்லை, உள்ளே இருந்தவர்கள் மறுக்கிறார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசியவர்கள், ‘நாங்கள் தவறாக எதுவும் பேசவில்லை’ என்று பிறகு எப்படி நிரூபிப்பார்கள்? மண்டேலா, குழுவோடு பேச்சு தொடங்கியபோதே தோழர்களிடம் சொல்லிவிட்டதன், தாம்போ கேட்டதும் பதில் அனுப்பியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. இரண்டு தலைவர்களுக்குள் வளரும் நம்பிக்கை கூடக்கூட, வெளியே நிற்கும் அவர்களுடைய ஆட்களின் சந்தேகமும் கூடும்.

மேசை வந்தபிறகும்

வெளிப்படையான மேசை போட்டாயிற்று என்றால் மறைவான வழியை மூடிவிடலாம் என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவில் 1991 டிசம்பரில் பெரிய மாநாடு கூடியது. 1992 ஜூன் 17 இரவு போய்ப்பாதோங் என்ற கறுப்பர் குடியிருப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அரசாங்கத்தின் கை இதில் இருக்கிறது என்று குற்றம்சாட்டி மண்டேலாவின் இயக்கம் பேச்சை முறித்தது.

அதற்கு முந்தைய வருடம், இயக்கத்தின் சார்பில் பேசிய சிரில் ராமபோசாவும் அரசாங்கத்தின் ரூல்ஃப் மேயரும் ஒரு நண்பரின் பண்ணையில் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். மேயருக்குத் தூண்டில் பழக்கமில்லை, முள் விரலில் ஏறிவிட்டது. ராமபோசாவின் மனைவி செவிலியர், அவர் முயன்றும் வரவில்லை. கடைசியில் ராமபோசா ஒரு கோப்பை விஸ்கியை மேயர் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, குறடால் முள்ளைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பெரிய மேசை காலியாகக் கிடந்த அந்த 1992 ஜூன் முதல் செப்டம்பர் வரை, இவர்கள் இருவரும் ஹோட்டல் அறைகளில் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் 7 அன்று பீஷோ நகரத்தில் இயக்கத்தின் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இன்னும் பலர் செத்தபோதும் தொலைபேசி நிற்கவில்லை. செப்டம்பர் 26 அன்று மண்டேலாவும் டி கிளர்க்கும் ஒரு புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். 1994 ஏப்ரல் தேர்தலுக்கு அங்கிருந்துதான் வழி மறுபடி திறந்தது. ஆவணத்தில் இருந்த வாசகங்களில் பெரும்பாலானவை ராமபோசாவும் மேயரும் ஏற்கெனவே உட்கார்ந்து பேசி முடித்தவை.